ஜன்னலைச் சாத்தும் நிறுத்தம்

“என் கண்ணைக் கட்டுங்க. கையைப் பின்னால கட்டுங்க. சிப்பியை மட்டும் நாக்குல வைங்க. அது தொண்டையில இறங்குறதுக்குள்ள எந்த ஸ்டாப்புல விளைஞ்சதுன்னு சொல்றேன். என்னை ஏமாத்துற சிப்பி இந்தக் கரையில இன்னும் பிறக்கலை!”

இதைச் சொன்னவர் கடலை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர் என்று யாரும் அவசரப்பட்டு எழுந்து நின்றுவிட வேண்டாம். கடற்கரைச் சாலையில் ஓடும் பேருந்தின் ஓட்டுநர் அவர். சொன்ன இடம் ஓட்டுநர் இருக்கை. சொன்ன கருவி, நிறுத்தங்களின் பெயரை அறிவிப்பதற்காக நிர்வாகம் பொருத்திக் கொடுத்த மைக். கேட்டவர்கள், கதவு மூடிய வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்த பயணிகள். ஒரு மேதைக்கு இதைவிட நல்ல சபை அமையாது. பாதியில் எழுந்து போக யாருக்கும் வழி கிடையாது.

அந்த மைக்கினால்தான் அவருக்கு ரேடியோ என்று பெயர் வந்தது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிர் வாழ்கிறது.

ரேடியோ பிறவியிலேயே நாக்கோடு பிறந்தவர்தான் என்றாலும், அதன் பயனை அறிந்தது வாலிபத்தில். அப்போது ஐஸ் லாரி ஓட்டினார். மீன் இறங்கும் துறைகளுக்கெல்லாம் ஐஸ் கட்டி கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் வேகம் பழகினார். இறக்கி முடிக்கும்வரை சும்மா நிற்க வேண்டும் என்பதால் சிப்பி பழகினார். ஒரு துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், பாறையிலிருந்து பெயர்த்த சிப்பி ஒன்றைக் கத்தியால் நெம்பித் திறந்து, “வேணுமா தம்பி?” என்று நீட்டினாராம். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டாராம்.

“அன்னைக்கு என் வாய்க்குள்ள கடல் வந்து உக்காந்து கதவைச் சாத்திக்கிச்சு,” என்பார். “இன்னும் வெளிய போகலை.”

போகவில்லை என்பதற்கு அவர் மனைவி சாட்சி. அந்த அம்மாள் சலவைக் கடையில் இஸ்திரி போடுபவர். சிப்பி என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டும். “உயிரோட இருக்கிறதைப் பச்சையா முழுங்குற மனுஷனோட குடும்பம் நடத்துறேன். எனக்கு வாய்ச்சதைப் பாருங்க,” என்பார் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்டியபடி. வாசல் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ரேடியோ சட்டத்தை மதிப்பவர். கொப்பளிப்பார். கொப்பளித்த பிறகும் உள்ளே வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் மனைவியிடம் அன்றைய சிப்பியின் குணநலன்களை விவரிப்பார். அவர் கண்ணில் வரும் நீரைத் தம் வருணனைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொள்வார்.

ஐஸ் லாரியிலிருந்து பேருந்துக்கு மாறியபோது அவருக்கு ஒரு கரையே கிடைத்தது. போகும்போது கடல் இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம். முக்கியமான நிறுத்தங்களில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். மற்ற ஓட்டுநர்கள் தேநீர் குடிக்கும் அந்த இடைவெளியில் இவர் கரைக்கு இறங்கி ஒரு சிப்பியைத் தின்றுவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டே ஏறி, மைக்கைத் தட்டுவார்.

“அடுத்து கலங்கரை விளக்கம். இறங்குறவங்க இறங்கலாம். இங்கத்துச் சிப்பி பாறையில வளர்றது. வாயில வெச்சதும் உப்பு கன்னத்துல ஒரு அறை விடும். ஐயோன்னு நினைக்கும்போது, தெரியாம அடிச்சிட்டேங்கன்னு ஒரு இனிப்பு வந்து காலைப் பிடிக்கும். மன்னிச்சிடுங்க. அவ்வளவு நல்லா இருக்கும்!”

உப்பளம் நிறுத்தம் வரும்போது குரல் தணியும். “பேரைப் பார்த்து உப்புன்னு நினைக்காதீங்க. ஏமாந்துடுவீங்க. செம்புச் சொம்புல ராத்திரி முழுக்க இருந்த தண்ணியைக் காலையில குடிச்ச மாதிரி. நாக்கு ஓரத்துல லேசா கூசும். தெரிஞ்சவனுக்குத்தான் பிடிக்கும். பிடிக்கலைன்னா தப்பு சிப்பி மேல இல்லை.”

பாலம் நிறுத்தத்துக்கு வந்துவிட்டால் மனிதர் ஆளே மாறிவிடுவார். அங்கே ஆறு கடலில் கலக்கிறது. “வெள்ளரிக்காய்! வெண்ணெய்! வெள்ளரிக்காய்க்கு மேல வெண்ணெய் தடவி, கடல் காத்துல கொஞ்ச நேரம் வெச்ச மாதிரி. கொழுத்த சிப்பிங்க. கடிச்சுத் திங்கணும், முழுங்கக் கூடாது. முழுங்குறவனுக்கு நான் டிக்கெட்டே கொடுக்க மாட்டேன்!”

“டிக்கெட் கொடுக்கிறது நான்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அது கண்டக்டர் அம்மாள். “நீங்க பிரேக் போடுற வேலையை மட்டும் பாருங்க. வெள்ளரிக்காய்னு சொல்லும்போதெல்லாம் ரெண்டு கையையும் விட்டுடுறீங்க.”

பயணிகள் சிரிப்பார்கள். ஆனால் பாலம் நிறுத்தத்தில் சும்மாவாவது சிலர் இறங்கிப் பார்ப்பார்கள். கடலில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், சிப்பி வியாபாரத்தின் காற்று அந்த மைக்கிலிருந்துதான் அடித்தது. ரேடியோ பாராட்டினால் கரையில் கூட்டம். முகம் சுளித்தால் ஈ மட்டும்.

அவர் முகம் சுளித்த இடம் ஒன்றே ஒன்று. பாலத்துக்கு அடுத்த நிறுத்தம். அதற்குச் சேறு என்றே பெயர். கடல் ஒரு உப்பங்கழியாக உள்ளே புகுந்து, நீர் வற்றும் நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பாகக் கிடக்கும். வாசனை என்று நாகரிகமாகச் சொல்லலாம். அந்த நாகரிகம் அங்கே போனால் மூக்கைப் பொத்திக்கொள்ளும். படகு நிற்காத இடம் என்பதால் ஐஸ் லாரிக் காலத்திலும் ரேடியோ அங்கே போனதில்லை. கை காட்டினால்தான் பேருந்து நிற்கும். யாரும் கை காட்டுவதில்லை.

“அடுத்து சேறு. எல்லாரும் ஜன்னலைச் சாத்துங்க.” அந்த நிறுத்தத்துக்கான அறிவிப்பு அவ்வளவுதான். எல்லாரும் சாத்துவார்கள். வண்டி வேகமெடுக்கும்.

இந்த இடத்தில்தான் அவர் தங்கை குடியேறினாள்.

அவள் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்த்தவள். ரேடியோ போட்டிருக்கும் காக்கிச் சட்டையே அவள் கையால் வந்ததுதான். சிப்பி தின்று தின்று அண்ணன் வயிறு வளர்ந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து, பக்கத் தையலை அவள்தான் அவ்வப்போது பிரித்துவிடுவாள். கணவர் குழாய் வேலை செய்பவர். இருவரும் யோசித்து, வேலையை விட்டு, கைவசம் இருந்ததைப் போட்டு, அந்தக் கழியில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்துச் சிப்பி வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். செய்தி கேட்ட ரேடியோ வாழ்க்கையில் முதல்முறையாக மைக் இல்லாமலே கத்தினார்.

“கரை முழுக்க இடம் இருக்கு, சேத்துல போயா விழுவே?”

“மத்த இடத்துக்கெல்லாம் குத்தகை கேக்கப் போனா ஏற்கெனவே கூட்டம்ணே. எல்லாம் நீ மைக்குல பேசிப் பேசி வந்த கூட்டம்.”

“சிப்பிங்கிறது இருக்கிற இடத்தைக் குடிச்சு வளர்றதும்மா. சேத்தைக் குடிச்சா சேறுதான் வரும்.”

“சேத்துல போடலைண்ணே. உங்க மாப்பிள்ளை குழாயை நட்டு, கம்பி இழுத்து, கூடை கூடையா தொங்கவிட்டிருக்காரு. தண்ணி ஏறும்போது முங்கும், இறங்கும்போது வெளிய வரும். சேறு தொடாது. அந்தக் கழியோட தலைப்புல ஊத்து இருக்கு, நல்ல தண்ணி. ஒரு தடவை வந்துதான் பாரேன்.”

“பாக்காமலா? தினமும்தான் பாக்குறேன்.”

“ஜன்னலைச் சாத்திக்கிட்டு!”

“கண்ணாடிதானே? உள்ள இருந்தாலும் தெரியுது.”

கண்ணாடி வழியாக ருசி பார்க்கும் இந்த அரிய முறையை உலகுக்கு அளித்த பெருமை ரேடியோவுக்கே உரியது. கரையில் அவர் அறிந்ததெல்லாம் பேருந்து நிற்கும் இடங்கள். நிற்காத இடத்தைப் பற்றி அவருக்கு இன்னும் உறுதியாகத் தெரியும். தங்கை ஒரு நாள் வீட்டுக்கே நாலு சிப்பி கொண்டுவந்தாள். அவர் தட்டைத் தொடவில்லை. “என் நாக்கு இன்னைக்கு லீவு,” என்றார். அண்ணி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கணவரோடு கருத்து ஒற்றுமை கொண்டு, தட்டை வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தார். பூனை நாலையும் தின்றுவிட்டு மறுநாளும் வந்து உட்கார்ந்திருந்தது. அந்த நிபுணரின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

சிப்பிகள் வளர்ந்துவிட்டன. கூடை கொள்ளாமல் கையளவு கையளவாக நின்றன. ஆனால் வாங்க ஆள் இல்லை. “சேறா? அது ஜன்னலைச் சாத்துற இடமாச்சே!” என்றார்கள் வியாபாரிகள். கோடை வெயில் ஏறத் தொடங்கினால் சிப்பி முட்டைப் பால் கட்டிக்கொண்டு தளர்ந்துவிடும். பச்சையாகத் தின்ன யாரும் தொட மாட்டார்கள். அதற்குள் விற்றாக வேண்டும். விற்காவிட்டால் குத்தகை கைவிட்டுப் போகும். கணவர் குழாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வேலை தேடுவார். அவள் மறுபடி தையல் கூடத்தில் காலர் வெட்டுவாள். இது அவளுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தும் மைக்கில் உண்மையைத் தவிர வேறு பேசுவதில்லை என்ற கொள்கையில் அவர் உறுதியாக இருந்தார். கொள்கை உள்ளவர்களால் குடும்பத்துக்கு எப்போதும் இப்படி ஏதாவது ஒரு நன்மை உண்டு.

கடைசியில் தங்கை போய் நின்ற இடம் கப்பலின் கடை. கப்பல் என்பது ஆள். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்று, பேருந்து முனையத்துக்கு எதிரே சிப்பிக் கடை வைத்திருப்பவர். நாற்காலி கிடையாது. இடுப்பளவு உயரத்தில் ஒரு நீளமான கல் மேடை, அதன்மேல் தகரத் தட்டில் நொறுக்கிய ஐஸ், ஐஸின்மேல் சிப்பிகள், சுவரில் ஒரு கை கழுவும் தொட்டி. கப்பல் இடது உள்ளங்கையில் துணியை மடித்து, அதில் சிப்பியை வைத்து, மூட்டில் குட்டைக் கத்தியை நுழைத்து, சாவி திருப்புவதுபோல ஒரு திருப்புத் திருப்புவார். மேல் ஓடு பெயர்ந்து வரும். உள்ளிருக்கும் நீர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. சிந்தினால் அந்தச் சிப்பியை அவரே தின்றுவிடுவார். வியாபாரம் குறைவான நாட்களில் கொஞ்சம் அதிகமாகவே சிந்தும்.

தங்கை கொண்டுபோனதில் ஒன்றைத் தின்ற கப்பல் வெகுநேரம் கூரையைப் பார்த்தார்.

“எனக்குப் பிடிச்சிருக்கும்மா. ஆனா எனக்குப் பிடிச்சு என்ன பண்றது? இங்க வர்றவன் பாதிப் பேரு உங்க அண்ணன் வண்டியில இறங்கி வர்றவன். சேறுன்னு சொன்னா துப்பிட்டுப் போயிடுவான்.”

“அப்ப என்ன பண்ணலாம் அண்ணாச்சி?”

“சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை விட்டுட்டு இங்கதான் வருவாரு. கண்ணைக் கட்டிச் சிப்பி சொல்ற விளையாட்டு. கூட்டம் கூடும். நடுவுல உன்னுதையும் வைக்கிறேன். அவருகிட்ட சொல்ல மாட்டேன். மூஞ்சியைச் சுளிச்சுச் சேறுன்னாருன்னா, மன்னிச்சிடு தாயி, என் கடையில இடம் இல்லை. சாப்பிட்டாருன்னா இந்தப் பருவம் முழுக்க உன் கூடை எல்லாம் எனக்கு.”

“என் அண்ணன் வாயிலதான் என் பொழைப்பு இருக்குன்னு சொல்றீங்க.”

“எல்லார் பொழைப்பும் அவரு வாயிலதாம்மா இருக்கு. உனக்கு இப்பத்தான் தெரியுது.”

சனிக்கிழமை வந்தது. கடையில் நிற்க இடமில்லை. பயணிகள், மீன் சுமப்பவர்கள், டிப்போவின் மெக்கானிக்குகள், டிக்கெட் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி கண்டக்டர் அம்மாள். தங்கை கல் மேடையின் ஓரத்தில், தலையில் துணியைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். ரேடியோ வெற்றி பெற்றுவிட்ட முகத்தோடு உள்ளே வந்தார். அது அவர் வழக்கம். தோற்கக்கூடிய காரியங்களுக்குக்கூட அந்த முகத்தோடுதான் போவார்.

கண்டக்டர் அம்மாள் தம் கைக்குட்டையால் அவர் கண்ணைக் கட்டினார். “நல்லா இறுக்கிக் கட்டுறேன். அப்படியாவது கொஞ்ச நேரம் பேசாம இருக்காரான்னு பாப்போம்.”

“கட்டுறது கண்ணைம்மா, வாயை இல்லை.”

“இன்னொரு கைக்குட்டை இல்லாம போச்சே!”

கைகளையும் பின்னால் கட்டினார்கள்; ஓட்டைத் தடவிக் கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா? கப்பல் கத்தியைத் திருப்பினார். முதல் சிப்பி நாக்கில் இறங்கியது. ரேடியோ இரண்டே கடி கடித்தார்.

“கலங்கரை! அதுவும் வெளிப் பாறை. காத்து பலமா அடிக்கிற பக்கம். அறை விழுந்துச்சு பாருங்க, இன்னும் வலிக்குது!”

கூட்டம் கைதட்டியது. அடுத்தது.

“இதைப் போய்க் கேக்குறீங்களா? உப்பளம். செம்புச் சொம்பு. மதகுக்குக் கிட்ட எடுத்தது. சரியா?”

“சரிதான்யா!” என்றார் கப்பல்.

மூன்றாவதை வாயில் வைத்ததும் பின்னால் கட்டியிருந்த கைகள் தாமாகத் துள்ளின. “வெள்ளரிக்காய் வந்துட்டான்! பாலம், பாலம்! என் ராஜா, வெண்ணெய் மாதிரி போறானே!”

விசில் பறந்தது. யாரோ மேடையில் தாளம் போட்டார்கள். தங்கை மட்டும் தலைத்துணியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். கப்பல் குனிந்து, ஐஸுக்கு அடியிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தார். ஓரம் மடிந்த, குழிந்த, கனத்த ஓடு. திறந்ததும் உள்ளே நீர் விளிம்புவரை தளும்பியது. கொண்டுபோய் ரேடியோவின் நாக்கில் சரித்தார்.

ரேடியோ கடித்தார்.

வாயைத் திறந்தார். “கலங்…” என்று தொடங்கி மூடிக்கொண்டார். மறுபடி கடித்தார். “உப்பளத்துல… இல்லையே.” தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். முதலில் மெல்ல உப்பு. அது அடிக்கவில்லை, தோளில் கை போட்டது. பின்னாலேயே வறுத்த முந்திரிபோல ஒரு மணம். அது முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, எங்கோ அடித்தொண்டையில், வெயிலில் வந்தவனுக்கு யாரோ பானையில் மொண்டு கொடுத்த நீர்போல ஒரு குளிர்ச்சி. அது போகாமல் நின்றது.

“பாலமா?” என்றார் மெக்கானிக் ஒருவர், எடுத்துக் கொடுப்பதுபோல.

“பாலமா இது? போய்யா!” என்று சீறிவிட்டு ரேடியோ மறுபடி மௌனமானார்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ரேடியோ பேசாமல் இருப்பதை யாரும் பார்த்ததில்லை. என்ஜின் நின்றுபோன பேருந்தில் உட்கார்ந்திருப்பதுபோல எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன ரேடியோ, கரன்ட் போச்சா?” என்றார் கண்டக்டர் அம்மாள்.

ரேடியோ வாயைத் திறந்து காட்டினார், குஞ்சுப் பறவைபோல. கப்பல் இன்னொன்றைத் திறந்து வைத்தார். ரேடியோ முழுங்கவில்லை, கடித்துக் கடித்து, கடைசித் துணுக்குவரை நிறுத்தி நிதானமாகத் தின்றார். மறுபடி வாயைத் திறந்தார். மறுபடியும். கைக்குட்டைக்கு அடியில் கன்னங்கள் மட்டும் அசைந்தன. காக்கிச் சட்டையின் நெஞ்சில் சிப்பி நீர் கோடாக இறங்கியது, அவர் கவனிக்கவில்லை. இதற்குள் கூட்டத்தில் ஒருவர் பொறுக்க முடியாமல், “அதுல எனக்கும் ஒண்ணு திறங்க,” என்றார். “எனக்கும்,” என்றார் பக்கத்தில் நின்றவர். ஐஸ் தட்டைச் சுற்றி நெருக்கடி ஆரம்பித்துவிட்டது.

கப்பல் கத்தியை உயர்த்தித் தங்கையைப் பார்த்தார். கூடை கூடையாகத் தூக்கிவருவதுபோல இரண்டு கையாலும் சைகை காட்டி, இங்கேயே என்பதற்குத் தரையைச் சுட்டினார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். தலைத்துணி நழுவிவிட்டது. இனி ஒளிய வேண்டியதில்லை என்பதே அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. கப்பலுக்கு இப்போது ஆர்டர் பார்க்கவே கை போதவில்லை. அடுத்த சிப்பியைத் திறந்து அவள் கையில் கொடுத்து, நீயே வை என்று கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அவள் வைத்தாள். ரேடியோ தின்று முடித்தார். சுற்றிலும் கூச்சல். அதில் யாருக்கும் கேட்காது என்ற துணிச்சலில், கண்கட்டோடு, தமக்கு மிக அருகில் நின்ற மூச்சின் பக்கமாகத் தலையைச் சாய்த்து, மைக்கே கேட்டிராத ஒரு சின்னக் குரலில், முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்பவர்போல மரியாதையாகக் கேட்டார்:

“தப்பா நினைச்சுக்காதீங்க… இது எங்கத்துச் சிப்பிங்க?”